பெரியப்பா திருப்பிச் சொன்னது

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது அந்த அறை. குடும்ப ஆலோசனை என்று சின்னதாக ஒரு பலகை. மிஷன் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு டீச்சரம்மா நடத்தினார். கணவனும் மனைவியுமாக வரச் சொல்லியிருந்தார். நாங்கள் நான்கு பேராகப் போனோம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். திருவாதவூர்ப் பள்ளியில் என் மனைவிக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சமயநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறிப் போனால் முதல் மணிக்குள் போய்ச்சேர முடியாது. அங்கேயே குடியிருக்க வேண்டும். என்னை விட்டுப் போகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, கேட்கவில்லை. பத்து நாளாக எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன.

விஷயம் தெரிந்ததும் பெரியப்பா இதைப் பஞ்சாயத்து என்றே முடிவு கட்டிவிட்டார். சலவை வேட்டி, தோளில் துண்டு, வெற்றிலையோடு தீர்ப்பையும் வாயில் அடக்கிக்கொண்டு மாடியேறினார். பின்னால் என் அம்மா.

டீச்சரம்மா யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒருவர் சொன்னதை, அவரே ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும்; அதற்குப் பிறகுதான் அடுத்தவர் பேசலாம்.

மனைவி பேசி முடித்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். இந்தப் பெண் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறது என்றார். அவள் தலையாட்டினாள். இல்லையாம். சரி, வேலைதான் பெரிசு என்கிறது என்றார். அதுவும் இல்லை. எழுந்து போய் ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பப் பார்த்தார். கீழே பஸ்ஸுக்கு நிற்கும் தலைகள். அப்படியே விழுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நீயே இன்னொருக்காச் சொல்லு தாயி."

"படிச்சுட்டு ஆறு வருசமாக் காத்துக் கெடக்கேன் மாமா. எனக்குன்னு ஒரு வகுப்பு இருக்கு, அதுக்குப் போகணும். இவுகளும் என்கூட வரணும்."

ஆறு வருசம், வகுப்பு என்று விரலை மடக்கி மடக்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசி விரலில் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இம்புட்டு நேரமும் ஒன்னையத்தான்டா கூப்புட்டிருக்கு."

"ஆமா மாமா," என்றாள் அவள்.

அறையில் எனக்குக் காற்றே புதிதாக வந்தது போலிருந்தது. என் முறை. நீ என்னையும் கூப்பிடுகிறாய் என்று திருப்பிச் சொன்னேன். ஆமாம் என்றாள். அவ்வளவுதான், எனக்கும் வாய் திறந்துவிட்டது.

"நானும் வாரேன்."

பெண்டாட்டி வேலைக்குப் பின்னால் போகிற ஆம்பளை என்று ஊர் பேசும் என அம்மா முணுமுணுத்தாள். டீச்சரம்மா புன்னகையோடு, அதை யாராவது திருப்பிச் சொல்லுங்கள் என்றார். யாரும் வாயைத் திறப்பதற்குள், அங்கே தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா என்று அம்மா மருமகளிடம் கேட்டுவிட்டாள்.

படி இறங்கும்போது பெரியப்பாவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் கதவருகே நின்று, எந்தெந்தக் கிழமை வரலாம் என்று டீச்சரம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரி முப்பது வருசமா என்னமோ சொல்லுது. என்னன்னு கேட்டுப் பாக்கணும்."

திங்கட்கிழமை காலை, திருவாதவூர் பஸ்ஸில், மடியில் ஸ்டவ்வோடு உட்கார்ந்திருந்தேன். சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். பக்கத்தில் அவள், ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற வயல்களுக்கு, உதடு மட்டும் அசையப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.