கடைசி மாடிக்கு வந்த விருந்தாளி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் அப்படி அரள்கிற ஆள் இல்லை. விடியுமுன் எழுந்து, மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் சமையற்கூடத்தில் முந்நூறு பேருக்குச் சோறு அள்ளி வைக்கிறவள். உட்கார்ந்து கதை கட்ட எனக்கு நேரம் ஏது? இது நடந்தது. எனக்கே நடந்தது. மொரியோகா நகரம் பனிப்புயலில் மூழ்கிக் கிடந்த அந்த வாரத்தில்.

என் பெயர் ஃபுமியே. கணவர் கென்சோ, நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. வெளியே பெரிய மனிதர். வீட்டுக்குள் வந்தால் விளையாட்டுப் பிள்ளை. கையில் பிடித்து விளையாடும் கேம் கருவிகள் என்றால் உயிர். பழசும் வேண்டும், புதுசும் வேண்டும். செங்கல் மாதிரி கனக்கும் ஒரு சாம்பல் நிறக் கருவி வைத்திருந்தார். முப்பது வருடப் பழசு. ஆன் செய்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணீர் தேவையில்லை. என்னைக் கட்டிக்கொண்டதற்குப் பதில் அதைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். அது திட்டாது இல்லையா என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இரத்தப் புற்றுநோய். தம்பியிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுத்து ஏற்றினார்கள். கண்ணாடி அறையில் தனியாக வைத்தார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடிந்த பொருள்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். அவர் கேட்டது இரண்டே இரண்டு. அந்தச் சாம்பல் செங்கல். அப்புறம், புதிதாக வாங்கிய மடக்குக் கருவி.

அந்த மடக்குக் கருவியில் ஒரு வசதி உண்டு. மூடிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். எதிரே வருகிறவர் பையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தால், இரண்டும் தாமாகவே பேசிக்கொள்ளும். அவர் தன்னைப் போலச் செய்து வைத்த பொம்மை உருவம், ஒரு வரி வணக்கத்தோடு உங்களிடம் வரும். உங்கள் உருவமும் உங்கள் வணக்கமும் அவரிடம் போகும். கொடுத்தால்தான் வாங்கும். வந்ததும் மூலையில் பச்சை விளக்கு எரியும். அப்படி வருகிறவர்களை விருந்தாளிகள் என்பார்கள். ஊரில் பாதிப் பேர் பையில் அப்போது இது இருந்தது.

கென்சோவால் அறையை விட்டு நகர முடியாது. அதனால் கருவியை நான் உலாத்தக் கூட்டிப்போனேன்.

"நாயைக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போ. ஸ்டேஷன்ல நாலு சுத்து சுத்து. என்ன, இது குரைக்காது."

தினம் வேலை முடிந்து ஸ்டேஷனைச் சுற்றுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அலுவலகக்காரர்கள் என்று ஏழெட்டு விருந்தாளிகள் கிடைப்பார்கள். அவர் படுத்தபடியே ஒவ்வொருவருக்கும் தலையாட்டி வணக்கம் சொல்வார். அதற்குள் ஒரு கோபுர விளையாட்டு இருந்தது. மாடிக்கு ஒரு கதவு. ஒரு விருந்தாளி வந்தால் ஒரு கதவு திறக்கும். தானாகத் திறந்துகொள்ள முடியாது.

உச்சி மாடிக்குப் போகிற அன்றைக்குத் தான் வீட்டுக்கு வந்துவிடுவதாகக் கென்சோ சொல்லிவிட்டார். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தேன். ஆனால் மனசுக்குள் நானும் அதையே பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்ன எண்களெல்லாம் எனக்கு விளங்கவில்லை. மாடிகள் விளங்கின.

மூன்று மாடி பாக்கி இருந்தபோது பனிப்புயல் வந்தது.

ரயில் நின்றது. பள்ளிக்கூடம் மூடினார்கள். ஸ்டேஷனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. அவருக்கோ காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. புது மஜ்ஜை பிடிக்குமா, பிடிக்காதா என்று இந்த வாரம்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெறும் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேருந்து பழைய கட்டடத்தின் பக்கம்தான் இறக்கிவிட்டது. அந்தக் கட்டடத்தை மூடி மூன்று வருடம் ஆகிறது. ஆனால் அதன் அடியில் புதுக் கட்டடத்துக்கு ஒரு சுரங்க நடை உண்டு. பனிக்காலத்துக்காக மட்டும் திறந்து வைப்பார்கள். ஆள் நடந்தால்தான் அங்கே விளக்கு எரியும். தலைக்கு மேல் ஒன்று எரியும், கடந்ததும் அணையும், அடுத்தது எரியும். மின்சாரம் மிச்சமாம்.

மாலை 4:40. சுவரில் கடிகாரம் இருந்தது. நான் மட்டும்தான் நடந்தேன். முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு.

வெளியே வந்து பையைப் பார்த்தால், பச்சை விளக்கு.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. யாரோ நர்ஸ் மேல் மாடியில் நடந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கென்சோ திறந்தார். சிவப்புத் தொப்பி, வட்டக் கண்ணாடி போட்ட பொம்மை. பெயர் கமே. வணக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி.

'இன்னும் எத்தனை மாடி?'

"விவரமான ஆளா இருக்காரே" என்றார் கென்சோ. கதவு திறந்தது.

மறுநாளும் புயல். ஸ்டேஷனுக்கே போகவில்லை. நேரே சுரங்க நடைக்குப் போனேன். ஆமாம், வேண்டுமென்றேதான் போனேன். மெதுவாக நடந்தேன். யாருமில்லை. வெளியே வந்தேன். பச்சை விளக்கு.

கமே. அதே தொப்பி.

'சேர்ந்தே போகலாம்.'

கென்சோ சிரிக்கவில்லை. கண்கள் காய்ச்சலில் பளபளத்தன. கடைசியாக என்ன விளையாடினார் என்று விருந்தாளியின் பக்கத்தில் காட்டுமாம். இவருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்றார். எங்கே சேர்ந்து போவது? கதவு திறந்தது. ஒரு மாடிதான் பாக்கி.

"இன்னும் ஒரே ஒருத்தர், ஃபுமியே. எப்படியாவது கூட்டிட்டு வா."

அன்றிரவு நான் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் கருவியின் பக்கவாட்டில் இருந்த சின்ன விசையைத் தள்ளி அணைத்தேன். அதை அணைத்தால் எந்த விருந்தாளியும் வர முடியாது. கென்சோவே காட்டிக் கொடுத்தது. இன்றைக்கு யாரும் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளிப்பாதையில் பனி இடுப்பளவு. சுரங்க நடையை விட்டால் வேறு வழியில்லை.

4:40. இறங்கினேன்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. நடந்தேன். அணைந்தது. அடுத்தது எரிந்தது.

பாதி தூரம் வந்திருப்பேன்.

'டக்.'

எனக்குப் பின்னால். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினம் கேட்கிற சத்தம். மடக்குக் கருவியை மூடும் சத்தம்.

திரும்பினேன். இருட்டு.

யாரது என்று கேட்டேன்.

தூரத்தில்... கடைக்கோடியில்... ஒரு விளக்கு எரிந்தது.

அடியில் யாருமில்லை.

அது அணைந்தது. அடுத்தது எரிந்தது.

அப்புறம் அடுத்தது.

என்னை நோக்கி.

ஓடினேன். காலணி ஒன்று கழன்றது. எடுக்கவில்லை.

பைத் துணிக்குள்ளே பச்சையாக...

எரிந்தது.

மேலே வந்து விழுந்த என்னைத் தூக்கி உட்கார வைத்தவள் வகானா. கென்சோவைப் பார்த்துக்கொண்ட இளம் நர்ஸ். அவளுக்கும் அந்தக் கருவி பழக்கம். வேலை நேரத்தில் கொண்டுவர அனுமதி இல்லை என்று அலுத்துக்கொள்வாள். சுரங்கத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. இந்த விருந்தாளி அவரிடம் போகக்கூடாது, அவ்வளவுதான் சொன்னேன். அவள் திறந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. எனக்கும் காட்டினாள்.

'கதவு கிட்டதான் நிக்கறேன்.'

கதவைத் திறக்கவிடாமலேயே விருந்தாளியை வழியனுப்ப ஒரு பொத்தான் இருந்தது. வகானா அழுத்தினாள். கமே கையாட்டிவிட்டுப் போனார்.

உள்ளே போய், யாரும் கிடைக்கவில்லை என்றேன். கென்சோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படித் திருப்பிக்கொண்டது அதுதான் முதல் தடவை. காய்ச்சல் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு பொம்மைக்குப் பயந்து இவரைக் கைவிட்டுவிட்டேனோ?

அப்போதுதான் தோன்றியது. விருந்தாளி யாராக இருந்தால் என்ன? நானே வந்தால்?

மறுநாள் பகலில், விடுப்பு நாளாக இருந்தும், வகானா தன் கருவியை எனக்காக எடுத்து வந்தாள். என் உருவத்தை அவளே செய்தாள். இரட்டைத் தாடையைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. வணக்கம் என்ன எழுதட்டும் என்றாள். யோசிக்கவே இல்லை, சொன்னேன்.

'சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்.'

இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டதால் சுரங்கப் பக்கமே போகவில்லை. லிஃப்டில் ஏறி, கண்ணாடி அறைக்கு வெளியே கருவியை வைத்தேன். உள்ளே அவருடையது. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. கென்சோ திறந்தார். பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"தாடையைக் கூட விடாம செஞ்சிருக்காங்களே" என்றார்.

கடைசிக் கதவை நான்தான் திறந்தேன்.

திருப்பிக் கொடுக்கும்போது வகானாவின் கருவியில் 'விருந்தாளிகள் இருவர்' என்று இருந்தது. ஒருவர் கென்சோ. இன்னொருவர்? எனக்கு அதையெல்லாம் திறந்து பார்க்கத் தெரியாது. ஏதோ இருக்கட்டும் என்று மூடிக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது.

பனி உருகியதும் கென்சோ வீட்டுக்கு வந்தார். நல்லபடியாகத்தான் இருக்கிறோம். இரண்டே இரண்டு தொல்லை. பூட்டிய வாசல் கதவு சில நாள் திறந்து கிடக்கும். எனக்கு மறதி வந்துவிட்டது என்று கென்சோ கிண்டல் செய்வார். இன்னொன்று, அலமாரியில் இருக்கும் அந்தச் சாம்பல் செங்கல். யாரும் தொடாமலே சில சாயங்காலம் 'டிங்' என்னும். பழைய விசை, தளர்ந்துவிட்டது என்றார். இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

போன மாதம், பழைய கேம் விற்கும் கடைக்குப் போனோம். கென்சோவும் கடைக்காரரும் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. அப்போது ஒரு பெண் அட்டைப் பெட்டியோடு வந்தாள். இறந்துபோன தம்பியின் சாமான்கள், வேண்டியவர்களுக்குக் கொடுங்கள் என்றாள். மேலாக ஒரு மடக்குக் கருவி. முதுகில் ஆமைப் படம் ஒட்டியிருந்தது.

எங்கள் பேச்சில் கமே என்றால் ஆமை.

நானும் கென்சோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தம்பி எங்கே இறந்தான் என்று கென்சோதான் கேட்டார். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், அதை மூடுவதற்கு முந்தின குளிர்காலத்தில் என்றாள். இவரைப் போலவே இரத்தத்தில் வியாதி. பேட்டரி உப்பிவிட்டதால் அப்போதே எடுத்துப் போட்டுவிட்டாளாம். அதற்கப்புறம் கருவி பூஜை மாடத்து அலமாரியில்தான் இருந்ததாம்.

"நாலு மாடிதான் பாக்கின்னு புலம்பிட்டே கெடந்தான். அதை வெளியே எடுத்துட்டுப் போக ஆளில்ல. நான் வெளியூர்ல, ஹச்சினோஹேல இருந்தேன்" என்றாள். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

கடைக்காரர் வேறு பேட்டரி போட்டார். திரை எரிந்தது. கடிகாரம் செத்திருந்தது; தேதி இல்லை. சிவப்புத் தொப்பி, வட்டக் கண்ணாடி.

கோபுரத்தைத் திறந்தார். ஒரு மாடிகூட பாக்கி இல்லை.

கடைசி நான்கு கதவைத் திறந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கென்சோ. கென்சோ. கென்சோ.

உச்சி மாடியில், இரட்டைத் தாடையோடு, நான்.

"யாரு இந்த ஃபுமியே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

என் பொம்மையின் வாயருகே அந்த வரி நின்றது. அவருக்காக நான் சொன்ன வரி. சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்.

கென்சோ அதை வாசித்தார். உதடு வெளுத்தது.

"வரும்போது கதவைப் பூட்டினியா?"

"நீங்கதானே இழுத்துப் பாத்தீங்க."

கடைக் கடிகாரத்தில் 4:40.

வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று அந்தக் கண்ணாடி அறையில் அப்படி ஏங்கிய மனிதர். கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.