வாரை அறுத்தவள்

தலைநகரிலிருந்து வரும் பாடகர்கள் எங்கள் யோல்தாவை ஒல்லியாக்கிவிட்டார்கள். பொன்னிறக் கூந்தலாம், கொடி போன்ற இடையாம், வீரனுக்குக் கண்ணீரோடு விடை கொடுத்தாளாம். என் சாராயக்கடையில் உட்கார்ந்துகொண்டே ஒருவன் போன வாரம் அப்படிப் பாடினான். எனக்கு வந்த கோபத்தில் அவன் கஞ்சியில் ஒரு கை உப்பைக் கூடுதலாகப் போட்டேன். யோல்தா வாசலில் வந்து நின்றால் கடைக்குள் வெளிச்சம் குறையும். சேணம் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கைகள் அவளுக்கு. வாய் அதைவிடப் பெரியது. அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

எங்கள் கெல்மாரில் சேணம் தைப்பவர்தான் வீரர்களுக்குக் கவசமும் பூட்டிவிட வேண்டும். சபதம் எடுத்துக் கவசம் போட்டவர், கட்டிய கையால்தான் அதைக் கழற்றிக்கொள்ளலாம். அதனால் வீரர் போகிற இடமெல்லாம் கட்டியவரும் போவார். வேறு கை அவிழ்த்தாலும் சரி, எவர் கத்தி வைத்துக் கவசத்தின் தோல் வாரை அறுத்தாலும் சரி, சபதம் அந்தக் கைக்குப் போய்விடும். காரியம் ஏற்கெனவே முடிந்திருந்தால், அந்தக் கைக்காரர் புதிதாக ஒரு ஆபத்தைத் தேடிக் கிளம்ப வேண்டும். இதில் சலுகை கிடையாது.

அந்த ஆண்டு இலையுதிரும் நேரத்தில் இரட்டைக்கொம்புக் கணவாயில் டிராகன் வந்து படுத்துக்கொண்டது. கணவாய்க்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் மலையில் ஊர் ஆடுகள் மொத்தமும் இருந்தன. அவற்றோடு யோல்தாவின் கணவர் டாம்ரிக்கும் இருந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் வாத்து துரத்தினால் வேலி மேல் ஏறுகிற ரகம். பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் மேலே இருப்பவருக்கு வசந்தம் வரை சாப்பாடு கிடையாது. அதாவது, வசந்தமே கிடையாது.

ஊர் சொல்லி அனுப்பியதற்கு வந்து சேர்ந்தவர் லோத்ரன் பிரபு ஒருவர்தான். தலை நரைத்து, முழங்கால் கிறீச்சிடும் வயது. வராத இளவட்டங்களைவிட வந்த கிழவர் மேல் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். என் கடையில்தான் ரொட்டி மேல் கை வைத்துச் சபதம் செய்தார். யோல்தா வார்களை இழுத்துப் பூட்டினாள்.

“மூச்ச உள்ள இழுங்க பிரபு.”

“இழுத்துத்தாம்மா வச்சிருக்கேன்.”

“அப்ப இதெல்லாம் தொப்பைதானா?”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மேலே நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் நம்புகிறேன். சாம்பலாற்றைக் கடக்கும்போது குதிரை வழுக்கியது. பிரபு இரும்போடு அடியில் போய்விட்டார். யோல்தா குதித்தாள். ஈரத்தில் ஊறிய வார் பக்கிள் கொக்கியில் இறுகிக்கொண்டு வரவில்லை. தோல் வெட்டும் கத்தியை எடுத்து எல்லா வார்களையும் அறுத்தாள், முடியைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டாள், பிறகு மறுபடி இறங்கிக் கவசத்தையும் எடுத்து வந்தாள்.

தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவர் அறுந்த வாரைத்தான் பார்த்தார்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? சபதம் உன் கைக்கு வந்துடுச்சே.”

“வரட்டும். எம் புருஷன்தானே மேல இருக்காரு. வேற யார் கைக்கு வரணும்?”

அங்கேயே உட்கார்ந்து வார்களைத் தைத்தாள். தைத்த கவசத்தை அவள் போட்டுக்கொள்ள, அவர் கட்ட வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் கட்டிவிட நின்ற மனிதர்.

“இது இடது பக்கமா, வலது பக்கமா?”

“அது முதுகு பிரபு.”

ஆற்றுக் குளிரில் அவர் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பிடி கிடைக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு வாரின் நுனியையும் பல்லால் கடித்து இழுத்துத்தான் இறுக்கினார்.

டிராகனை எப்படிச் சமாளிப்பது என்று அவர் கேட்டதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. “கடிக்கிற குதிரைக்கு வாயக் கட்டுவேன். இதுவும் வாய் வழியாத்தானே நெருப்பு கக்கணும்?”

பதப்படுத்தாத பச்சைத்தோல் வார் ஒன்றை ஓடையில் நன்றாக ஊறவைத்து எடுத்துப் போனாள். வெயிலில் பாறை மேல் டிராகன் தூங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் ஊர்ந்துபோய் மூக்கைச் சுற்றி வாரைப் போட்டாள். அது கண்ணைத் திறந்தது. அவள் வாரைப் பூட்டி முடிக்கும்வரை பிரபு இரண்டு கைகளாலும் அதன் வாயைச் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே நெருப்பு ஏற ஏற, அடுப்பில் வைத்த சட்டிபோல் அந்த வாய் சுட்டது. அவர் விடவில்லை. அந்தச் சூட்டிலேயே பச்சைத்தோல் காய்ந்து சுருங்கி, இனி யாராலும் திறக்க முடியாதபடி வாயை இறுக்கிவிட்டது. டிராகன் இறக்கையால் ஒரே அடி அடித்து யோல்தாவைப் பாறையில் தூக்கி எறிந்தது. மார்புக் கவசம் உள்ளே குழிந்தது. அவள் எழுந்து வந்து, செதில் இல்லாத தாடையடியில் பிரபுவின் வாளைப் பிடி வரைக்கும் இறக்கினாள்.

முதல் பனி விழுகையில் ஆடுகள் இறங்கின. முன்னால் டாம்ரிக். பாதி ஆளாகியிருந்தார், ஆனால் உயிரோடு இருந்தார். அன்று என் கடையில் யாரும் காசு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் யோல்தா கவசத்தோடே இருந்தாள். அதைக் கட்டிய பிரபுவின் கைகள் இரண்டும் வெந்துபோய், வெண்ணெய் தடவிய துணிக்குள் கிடந்தன. ஆறும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றாள். இரும்போடே பால் கறந்தாள், இரும்போடே தூங்கினாள். என் பெஞ்சு ஒன்றை உடைத்தாள். “உங்கள மாதிரி ஆளைக் கட்டிக்கிட்டதுக்கு இந்தத் தகர டப்பா எவ்வளவோ தேவலை” என்று டாம்ரிக்கைச் சீண்டினாள். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழிந்த இரும்பு விலாவை அழுத்திக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்தது. பிரபுவின் கையில் சுற்றிய துணியை அவிழ்த்துப் பார்த்தோம். ஒரு விரலும் மடங்கவில்லை.

அன்று பகலில் அவளை என் கடைக் கணப்பருகே உட்காரவைத்திருந்தோம். டாம்ரிக் எழுந்து போய், ஆட்டுமயிர் வெட்டும் கத்தரியோடு திரும்பி வந்தார்.

“நான் அறுக்கிறேன்” என்றார். “அறுத்துட்டுக் கிளம்பறேன். எங்க என்ன இருக்கோ, போய்ப் பாத்துக்கறேன்.”

வாத்துக்குப் பயந்த மனிதர். கத்தரியை விரித்து முதல் வாருக்கு அடியில் நுழைத்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். எனக்குத் தாங்கவில்லை.

யோல்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். “உங்களக் கீழ கொண்டாரத்தான் நான் மேல போனேன். மறுபடி அனுப்பறதுக்கா?”

“நீ இல்லாம நான் கீழ இருந்து என்ன பண்ண?”

மூலையிலிருந்து லோத்ரன் பிரபு எழுந்து வந்தார். அவள் முன்னால், கிறீச்சிடும் முழங்காலை மடித்து மண்டியிட்டார்.

“கட்டினதுதானே அவுக்கணும்? கை பாதிதான் கட்டுச்சு. மீதிய நான் பல்லாலதான் கட்டினேன்.”

கடையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல்லுக்குச் சட்டம் உண்டா என்று ஒருவர் இழுக்கத் தொடங்கினார். நான் கொதிக்கிற கஞ்சிக் கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினேன். “சொல்லுங்க, கேக்கறேன்” என்றேன். அவர் தன் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார்.

பிரபு ஒவ்வொரு வாராகக் கடித்து இழுத்தார். ஆற்று நீரில் ஊறிக் காய்ந்த தோல், கல்லாக இருந்தது. தோள், விலா, இடுப்பு. உதட்டில் ரத்தம் வந்தது. கடைசிப் பக்கிளில் ஒரு பல் போனது. அதைத் துப்பிவிட்டு மறுபடி கடித்தார்.

மார்புக் கவசம் தரையில் விழுந்தது. யோல்தா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அதன் பிறகுதான் டாம்ரிக் கத்தரியைக் கீழே வைத்தார்.