பதிமூன்றாவது அடி

வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையின் வாசம் தெரியுமா உங்களுக்கு? வௌவால் எச்சமும் பழைய தேக்குமாக... இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். எங்க வீட்டுக்காரர் தரைக்கல் பதிக்கிற கொத்தனார். கண்டனூரில் ஒரு பெரிய வீடு. சொந்தக்காரர்கள் மலேசியாவில். மகள் கல்யாணத்துக்கு வருவதால் உள்ளறைக்குப் புது ஆத்தங்குடிக் கல் போடச் சொன்னார்கள். அவர் தனியாகப் பிடித்த முதல் காண்ட்ராக்ட். பிசகினால் அந்த ஊரில் அடுத்த வேலை கிடையாது.

அளவு தப்பக்கூடாது. கையால் வார்க்கிற கல் அது. குறைந்துபோய் மறுபடி வார்த்தால், அந்தச் சிவப்பு முந்தின சிவப்போடு சேராது.

டேப் பிடிக்க என்னைக் கூட்டிப் போனார். வெளியே உச்சிவெயில், உள்ளே கும்மிருட்டு. நுனியை இழுத்துக்கொண்டு அவர் உள்ளே போக, நான் அறை வாசற்படியில் டேப் டப்பாவோடு உட்கார்ந்தேன்.

"புடிச்சுக்கிட்டீகளா?"

பதில் இல்லை. ஆனால் டேப் விறைப்பாக இழுபட்டது. குனிந்து பார்த்து, "பதிமூணு அடி!" என்று கத்தினேன்.

"யார்ட்டத்தா பேசுற?"

குரல் என் முதுகுக்குப் பின்னால்!

கையில் சாக்பீஸோடு நிற்கிறார். நுனியை அறைக் கடைசியில் இருந்த பலகைச் சுவரோரம் போட்டுவிட்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போயிருக்கிறார்.

என் கையில் டேப் இன்னும் விறைப்பாகவே இருந்தது... "முருகா" என்றேன். சட்டென்று தொய்ந்தது.

அவரே மறுபடி அளந்தார். பன்னிரண்டு.

"பதிமூணாம்ல! செவுத்துக்குள்ள பூந்து அளந்தியாக்கும்?"

"இல்லீக, என் கண்ணால பாத்தேன்..."

"வெயிலு ஒன் தலைக்கு ஏறிப்போச்சு. பேசாம இரு."

புதுப்பெண், வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டுக்குப் பத்து அறை, சதுர அடிக்கு ஒன்றாக நூற்றிருபது கல். உடைசலுக்குச் சேர்த்தது உடைசலுக்கே போயிற்று.

தரை முடிந்த அன்று, வீட்டுச் சொந்தக்கார ஆச்சி மலேசியாவிலிருந்து வந்து பார்த்தார்கள். கறையான் அரித்த பலகைச் சுவரைப் பிரிக்கச் சொன்னார்கள்.

பிரித்தால்... பின்னால் இன்னும் ஒரு அடி வெறுந்தரை. மாடத்தில் ஒரு ஓலைப்பெட்டி. அதற்குள் மடித்து வைத்த சின்னப் பட்டுப்பாவாடை.

ஆச்சி பாவாடையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள்.

"எங்க அப்பச்சி கூடப்பொறந்தவ, எனக்கு அத்தை. கன்னியாவே போயிட்டா. வருசா வருசம் பாவாடைய நனைச்சுக் காயவச்சு, இந்த எடத்துலதான் சோறு வச்சுப் படைப்பாக. நாங்க கடல் தாண்டிப் போயி மறந்தே போயிட்டமே..."

 அன்றைக்கு டேப் நுனியைப் பிடித்தது யாரென்று எனக்குப் புரிந்தது. தன் இடத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லியிருக்கிறாள் பிள்ளை.

அவசரமாகப் பத்துக் கல் வார்த்து வந்தது. சிவப்பு சேரவில்லை. தலைகுனிந்து நின்ற எங்க வீட்டுக்காரரிடம் ஆச்சி சொன்னார்கள்:

"இருக்கட்டும்ப்பா. அது அவ எடம். தனியாவே தெரியட்டும்."

படைப்புப் போட்ட பிறகுதான் முகூர்த்தக்கால் ஊன்றினார்கள். அடுத்த வீட்டு வேலையும் ஆச்சி சொல்லித்தான் வந்தது.

இப்போது அந்தத் தொழில் என் மகனிடம். கையில் லேசர் மீட்டர். பொத்தானை அமுக்கினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி, அளவு வந்துவிடுகிறது. போன வாரம்கூட ஒரு பழைய வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"பாத்தியாம்மா, அந்த முனையப் புடிக்க இப்ப யாருமே வேணாம்!"

சத்தமாச் சொல்லாதடா என்று அவன் வாயைப் பொத்தினேன்...