அம்பு ஒட்டிய கொய்யா

அவளுக்குக் கம்பெனி வைத்த பேர் பூதக்கண்ணாடி. சட்டைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள். தைத்து முடித்த சட்டை அவள் கைக்கு வரும். காலர், கை, பட்டன் பட்டி என்று ஒரு சுற்று திருப்பிப் பார்ப்பாள். ஊசிக்குத்து, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, முனை குறையைக் காட்டுகிற மாதிரி ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். திட்டுவதற்காக வைத்த பேர்தான் அது. அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

செக்கிங்குக்கு அடுத்த மேஜை இஸ்திரி. அங்கே நின்ற மனிதர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் இடைவேளையில் வந்து, "உங்க மேஜையிலேர்ந்து வந்த துணியில நான் இதுவரைக்கும் ஒரு குறை பாத்ததில்லைங்க" என்றார். எதையோ கருக்கிவிட்டு மறைக்கப் பார்க்கிறான் என்றுதான் அவள் முதலில் சந்தேகப்பட்டாள். இரண்டு வாரம் அவர் மேஜையில் தேடியும் கருகின சட்டை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். சம்மதித்த பிறகும் இன்னொரு முறை தேடினாள் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தை அவள் பிடித்துக்கொண்டாள். நாற்பது அடி நீளம், ஏழடி அகலம், அவ்வளவுதான். அதில் இரண்டு கொய்யா, ஒரு அத்தி, ஒரு மாதுளை. துணி காயப்போடுகிற கம்பியில் பேஷன் ஃப்ரூட் கொடி. பழைய பெயின்ட் வாளிகளில் ஸ்ட்ராபெரி. மூலையில் மல்பெரி. அது கொட்டுகிற பழத்தால் சிமென்ட் தரை வருஷத்தில் ஆறு மாதம் ஊதாவாகவே கிடக்கும். குறை தேடியே பழகிய கைக்கு இங்கேயும் வேலைக்குப் பஞ்சமில்லை. இலைக்கு அடியில் மாவுப்பூச்சி, தண்டில் எறும்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழ ஈ. அந்த ஈ காய்த்தோலில் ஊசி நுழைந்த அளவுக்கு ஒரு குத்துக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே பார்த்தால் பழம் ராஜா மாதிரி இருக்கும், உள்ளே நெளியும். குத்துப்பட்டதை உடனே பறித்து முழங்கை ஆழத்தில் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் ஈ மொத்தத் தோட்டத்தையும் தின்றுவிடும். இதைக் கணவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

கம்பெனியிலிருந்து வரும்போது மீந்துபோன அம்பு ஸ்டிக்கர் சுருள் நாலைந்து கொண்டுவந்திருந்தாள். அதற்கும் தோட்டத்தில் வேலை கொடுத்தாள். பழுக்கப் போகிற பழங்களில் எது மாசுமறுவற்றதோ, அதில் ஒரு அம்பு ஒட்டுவாள். அம்பு ஒட்டினதை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவை மகள் வீட்டுக்குப் போகிற பழங்கள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வீட்டில்தான் சந்தேகம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

கணவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். இப்போது அதற்கு அடுத்த விரலில் புண். மாதாமாதம் பார்க்கிற பரிசோதனையில் இந்தத் தடவை சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "இப்படியே போனா விரலோட நிக்காதும்மா, பாதத்தையே எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினார்.

"பழம் நிறையச் சாப்பிடுறீங்களா?"

"அய்யய்யோ, நான் தோட்டத்துப் பக்கமே போறதில்ல டாக்டர்!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போல இருந்தது அவளுக்கு. தோட்டத்தைப் பற்றி டாக்டர் எங்கே கேட்டார்? மெல்லக் குனிந்து பார்த்தாள். அவர் செருப்பின் ஓரத்தில் செம்மண்.

மறுநாள் காலை கொய்யா மரத்தடிக்குப் போனாள். திங்கட்கிழமை ஐந்து பழங்களில் அம்பு ஒட்டியிருந்தாள். இப்போது இருந்தது இரண்டு.

எடுத்த எடுப்பில் கட்டினவர் மேல் பழி போடுகிறவள் இல்லை அவள். முறையாக விசாரிக்க வேண்டும். முதலில் அணில். ஆனால் அணில் பாதி தின்று பாதி போடுமே தவிர, காம்போடு கிள்ளிக்கொண்டு போகாது. அணில் விடுதலை. அடுத்தது பக்கத்து வீட்டு டீச்சர். மதில் அவ்வளவு உயரமில்லை, டீச்சருக்குக் கை நீளம். துணி எடுக்கிற சாக்கில் மதிலோரம் போய் நின்றாள்.

"என்ன டீச்சர், இப்பல்லாம் காலையில இந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரியுதே?"

"உங்க வீட்டுக்காரர்தான் அக்கா. குனிஞ்சு குனிஞ்சு என்னமோ பண்ணிட்டிருக்காரு."

"ஓஹோ. கொய்யா எல்லாம் நல்லா வந்திருக்கு. நீங்க ஒண்ணு ரெண்டு..."

"எனக்கெதுக்குக்கா கொய்யா? விதை பல்செட்டுக்குள்ள போனா உயிர் போயிரும்" என்று டீச்சர் பல்செட்டைக் கழற்றியே காட்டிவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டீச்சரும் விடுதலை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தாள். சட்டைப் பையைத் துழாவினாள். வாஷ்பேசினில் விதை கிடக்கிறதா என்று விரலால் தடவினாள். மத்தியானம் அவர் தூங்கும்போது வாய்ப்பக்கம் முகர்ந்து பார்த்தாள். பற்பசை வாசனைதான் வந்தது. அதுவே சந்தேகத்தை அதிகமாக்கியது. மத்தியானத்தில் எவன் பல் தேய்ப்பான்?

அந்த நாட்களில் அவளுக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். ட்யூப்லைட் மங்கலாக எரிகிறது, கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான். மூக்குக்கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தாலும் ஆவி படிந்த மாதிரியே இருக்கிறது, அந்தக் கடைக்காரனும் ஏமாற்றிவிட்டான். வெயிலில் நின்றால் கண் கூசுகிறது, டீச்சர் புதிதாகப் போட்ட தகரக் கூரைதான் காரணம். ஊரே சேர்ந்து அவளுக்கு எதிராகச் சதி செய்வது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் பின்வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"லேசா தலை சுத்துதும்மா."

"சுத்தாம? தின்னது உள்ள போய் வேலை காட்டுது."

"என்னத்தைத் தின்னேன்?"

"எனக்கென்ன தெரியும்? வச்சது வச்ச இடத்துல இல்ல. வேலியே பயிரை மேஞ்சா நான் யார்கிட்ட போய் சொல்றது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிய குற்றவாளிகள் எத்தனையோ பேரை அவள் கம்பெனியில் பார்த்திருக்கிறாள்.

உள்ளே போய்ச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் கொய்யாவுக்காக இல்லை. அந்தக் கால் எட்டு மணி நேரம் இஸ்திரி மேஜையில் நின்ற கால். பிரசவத்துக்கு ஆட்டோ கிடைக்காத அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு பிரதான சாலைவரை ஓடிய கால். நாலு பழத்துக்கு ஆசைப்பட்டு அதைத் தொலைக்கப் பார்க்கிறாரே என்று பயமும் ஆத்திரமுமாக வந்தது.

சனிக்கிழமை காலை முடிவு கட்டிவிட்டாள். புதிதாக மூன்று கொய்யாவில் அம்பு ஒட்டினாள். பையை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று வாசல் வழியாகச் சத்தமாகப் போனாள். சந்து முனைவரை நடந்து, பின்பக்கக் கதவு வழியாகச் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தாள்.

பேஷன் ஃப்ரூட் கொடிக்குப் பின்னால் அவர் குந்தியிருந்தார். ஒரு கையில் களைக்கொத்து. இன்னொரு கையில் அம்பு ஒட்டிய கொய்யா.

"மாட்டினீங்களா!"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. களைக்கொத்து கை நழுவியது, நல்லவேளை காலில் விழவில்லை.

"டாக்டர்கிட்டயே பொய். கட்டினவகிட்டயும் பொய். தின்னுட்டுத் தோலைப் புதைக்கிறீங்களா? நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

"அய்யோ, நான் திங்கலம்மா."

"அப்ப கையில என்ன? எவ்வளவு நல்ல பழம்! பாத்துப் பாத்து நான் ஒட்டினது!"

பிடுங்கி, அவர் முகத்துக்கு நேராக இரண்டாகப் பிய்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. ஒன்று துள்ளி அவள் மணிக்கட்டில் விழுந்தது.

அவள் அதை உதறவில்லை.  மண்டியிட்டு, அவர் தோண்டி வைத்திருந்த குழியைக் கையால் கிளறினாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு. அழுகி, கறுத்து, முழுசு முழுசாக வந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை. ஒவ்வொன்றிலும் அவள் ஒட்டிய சிவப்பு அம்பு.

பிய்த்த பழத்தின் காம்புப் பாதியை எடுத்து, தோலைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்தாள். தள்ளி வைத்தாள். வெயில் பக்கம் திருப்பினாள். பளபளவென்று மஞ்சளாக இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை.

"எங்க குத்து?"

அவர் அவள் கட்டைவிரலைப் பிடித்துக் காம்புக்குக் கீழே ஓரிடத்தில் வைத்தார். விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. சின்னக் குழி. அதைச் சுற்றித் தொளதொளப்பு.

"எத்தனை நாளா?"

"மழை விட்டதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"பூதக்கண்ணாடிகிட்ட போய் உனக்குக் கண்ணு தெரியலன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். "உன் மேஜைக்கு அடுத்த மேஜை என்னோடதுதானே. இருபத்தெட்டு வருஷமா எனக்கு வேலை வைக்காம இருந்த. இப்பதான் கொஞ்சம் வந்திருக்கு. பாத்துட்டுப் போறேன்."

 சந்தேகப்பட்டுப் பழகிய மூளை சும்மா இருக்குமா? அது அடுத்த அடி எடுத்து வைத்தது.

"நீங்க திங்கலன்னா, சர்க்கரை ஏன் ஏறுச்சு?"

அவர் கொடியைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்புகிறவள் அவள்தான். எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனாள். அலமாரியிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து வந்து படியில் வைத்தாள். ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று ரத்த அழுத்தத்துக்கு. இரண்டும் வெள்ளை. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"சொல்லுங்க."

"டப்பாவுல சாயங்காலக் கட்டத்துல சர்க்கரை மாத்திரைக்குப் பதிலா பிரஷர் மாத்திரை இருந்துச்சும்மா. நானும் பாக்காமத்தான் முழுங்கிட்டிருந்தேன். நேத்துதான் அட்டையைப் பாத்தேன். அதான் தலை சுத்துச்சுபோல. இப்ப நானே மாத்தி வச்சுட்டேன். விடு."

 மல்பெரி கறை படிந்த தரையில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க காலை நானே எடுத்திருப்பேனே" என்றாள்.  அணிலை விசாரித்தாள், டீச்சரை விசாரித்தாள், கட்டினவர் வாயை முகர்ந்து பார்த்தாள். தன் பக்கம் மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் புண்காலை மடக்க முடியாமல் பக்கத்தில் நீட்டி உட்கார்ந்து, மண் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினார்.

"யாருக்கும் தெரிய வேண்டாம்மா. நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையில் அழுகை நின்றது. கோபம் வந்துவிட்டது.

"குறையை மூடி வைக்கிறவங்களை நான் எப்பவாவது விட்டிருக்கேனா? கேக்கறேன், சொல்லுங்க!"

விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். குழாயடியில் தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடி அலமாரி திறக்கிற சத்தம். அவர் சுவரைப் பிடித்து எழுந்து வாசல்வரை வந்தபோது அவள் எதிரே நின்றாள். கழுவிய முகம். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு அம்பு, முனை கண்ணைக் காட்டியபடி.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அம்பு ஒட்டின பீஸை என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"திருப்பி அனுப்பணும்."

"அப்ப ஆட்டோவைக் கூப்பிடுங்க. கண்ணாஸ்பத்திரிக்கு."

அவர் படியில் இருந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.