மூன்று நாள் நான் வைத்திருந்த கடிதம்

கோதுமை மாப் பசை வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். போன வாரம் ஹட்டன் ஆட்டோ தரிப்பிடத்தில் அந்த வாசனை வந்ததும் நான் திரும்பிப் பார்த்தது சாப்பாட்டுக் கடையைத்தான். ஆனால் வந்து நின்றது நாலு கல்லூரிப் பிள்ளைகள். ஒருத்தி கையில் பசை வாளி, இன்னொருத்தி கையில் ஒரு கட்டுத் தாள்.

"அண்ணே, ஒங்க ஆட்டோ பின்னுக்கு இத ஒட்டலாமா?"

"என்ன தங்கச்சி, தேர்தல் வருதா? யாரு மூஞ்சி?"

"மூஞ்சி இல்லண்ணே. வாசிச்சுப் பாருங்க."

நான் ஓ.எல். பரீட்சை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் திருத்தினவர்களை அழ வைத்தவன். ஆனாலும் பெரிய எழுத்தென்றால் வாசித்துவிடுவேன். கல்லூரிகளில் பெண் பிள்ளைகளுக்கு நடக்கிற பாலியல் கொடுமை பற்றிய தாள் அது. மேலே சிவப்பில், 'இது விளையாட்டு அல்ல. குற்றம்.' கீழே சின்னதாக, யாராவது வந்து சொன்னால் நம்புங்கள், அவர்கள் முறைப்பாடு செய்வதற்குத் துணை நில்லுங்கள் என்று இருந்தது.

"பின்னுக்கு ஒட்டுனா பஸ்காரன்தான் வாசிப்பான். உள்ளுக்கு ஒட்டுங்க, என் முதுகுக்குப் பின்னால. ஏறுறவங்க எறங்குற வரைக்கும் அதப் பாத்துக்கிட்டே வரட்டும்."

பக்கத்து ஆட்டோ செல்வத்துக்கு வாய் சும்மா இருக்காது. "தங்கச்சி, இவன் ஆட்டோல ஆளு ஏறுனாத்தானே! கையத் தூக்கி ஒரு ஆளக் கூப்பிட மாட்டான். மகாராசா!"

அது உண்மை. ரயில் வந்தால் எல்லோரும் கையைத் தூக்கி ஆட்டி ஆள் கூப்பிடுவார்கள். நான் ஹோன் அடிப்பேன், வாயால் கூப்பிடுவேன், கையைத் தூக்க மாட்டேன். ஏன் என்று செல்வத்துக்குச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் முதலில் பசை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சார்ட் ஒட்டுவதற்கு வாத்தியார் பசை காய்ச்சுவார். ஒருநாள் அதில் பாதியை நான் தின்றுவிட்டேன். சூடாக, உப்பில்லாமல், பரவாயில்லை. காட்டிக் கொடுத்தது என்னோடு படித்த புவனா. "சேர், பூமிப்படம் ஒட்ட வச்சிருந்ததத் தின்னுட்டான் சேர்." சாப்பாட்டில்கூட பூமிப்படத்தைப் பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? அன்றிலிருந்து அவள் 'புரொபசர்'. பெயர் வைத்த நேரமோ என்னவோ, ஏ.எல். பாஸ் பண்ணி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரிக்கும் போய்விட்டாள். நான் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றப் போனேன்.

அப்போது தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீடுகளுக்கு நம்பர் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிளாக்கர் ஐயா எங்கள் டிவிசன் கடிதங்களுக்கு ரப்பர் பட்டி போட்டு லொறியில் என்னிடம் தருவார். சாயங்காலம் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறபோது நான் கொடுக்க வேண்டும். எல்லோரையும்போல் நீட்டிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது வராது. கட்டாரிலிருந்து மகன் எழுதியிருந்தால் உறையை மூக்கில் வைத்து, "அக்கா, ஒட்டக வாசம் அடிக்குது" என்பேன். ஒரு பாட்டுப் பாடினால்தான் கடிதம். இல்லாவிட்டால் உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன், குதித்துப் பிடுங்க வேண்டும். நாளெல்லாம் மழையில் நின்று, அட்டைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் அந்தப் பத்து நிமிஷம் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கூத்து இல்லாமல் கொடுத்தால், "என்னாடா காச்சலா?" என்று கேட்பார்கள். புவனா லீவில் வந்தால் என்னை 'போஸ்ட்மாஸ்டர்' என்பாள். "போஸ்ட்மாஸ்டரே, முத்திரைய நக்கிறாதீங்க, பசை இருக்கு." அவள் வாய்க்கு நான் ஈடில்லை. அதை வெளியே ஒத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் அவள் லீவு இல்லாத நேரத்தில் வந்து நின்றாள். ஏன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா செல்லமக்கா, எங்கள் மடுவத்துக்கே கொழுந்துக் கூடையோடு வருகிறவர். புவனா தினமும் சாயங்காலம் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு வருவாள்.

"லெட்டர் வந்துச்சா?"

"யாருகிட்டருந்து புரொபசரே? மாப்பிள்ள என்னா படிக்கிறாரு?"

பதிலுக்கு நக்கல் அடிக்காமல் போய்விட்டாள். யோசிக்கத் தெரிந்தவன் அங்கேயே யோசித்திருப்பான். நான், நக்கல் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

திங்கட்கிழமை அது வந்தது. பழுப்பு நிறத்தில் நீள உறை, கல்லூரி முத்திரை. அவள் பார்த்துவிட்டாள், கிட்டே வந்தாள்.

"குடு."

"பாட்டு?"

"குடு, வெளையாடாத."

நான் கையை உயரத் தூக்கினேன். "வந்து எடுத்துக்க."

அவள் குதிக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சை மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பின்னால் போனாள். போய் ஒரு கூடையில் இடித்துக்கொண்டு நின்றாள். வரிசையே சிரித்தது. செல்லமக்காவும் சிரித்தார். அவள் திரும்பி மழையில் நடந்து போய்விட்டாள்.

எனக்கு ரோஷம். செவ்வாய்க்கிழமை செல்லமக்கா கேட்டார். "தம்பி, அந்தத் தபாலக் குடுத்துருப்பா. புள்ள மொகமே சரியில்ல."

"புரொபசர வரச் சொல்லுங்கக்கா. நேர்ல குடுக்குறேன்."

புதன்கிழமையும் அவள் வரவில்லை. கடிதம் லொறியில் டிரைவர் சீட்டுக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் எனக்கே அலுத்துப்போய், செல்லமக்காவின் கூடைக்குள் போட்டேன்.

அன்று சாயங்காலம் நான் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். புவனா வந்து உறை கிழிந்த கடிதத்தை நீட்டினாள்.

"வாசி."

"படிச்சவ நீ. நான் என்னாத்த..."

"வாசிடா."

தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில், எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் கொடுத்த முறைப்பாடு தொடர்பான விசாரணை, புதன்கிழமை காலை பத்து மணிக்கு. சமுகமளிக்கத் தவறினால் முறைப்பாட்டைத் தொடர விருப்பமில்லை என்று கருதப்படும். 'சமுகமளிக்க' என்ற இடத்தில் தடுக்கி விழுந்தேன்.

"நேத்து," என்றாள். "நேத்துப் பத்து மணிக்கு."

"என்னா முறைப்பாடு?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூணாவது வருசத்துக்காரன். நோட்ஸ் தர்றேன்னு கம்ப்யூட்டர் ரூமுக்குக் கூப்பிட்டான். போனேன். கதவப் பூட்டிட்டான். நோட்ஸ ஒசரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, வந்து எடுத்துக்கன்னான்."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை முறைப்பாட்டில் எழுதியிருந்தாள். அவன் ஓயாமல் அவளுக்குப் போன் எடுத்ததில் அவள் சிம்மையே உடைத்துப் போட்டிருந்தாள். அதனால் கல்லூரி அவளைக் கூப்பிடுவதற்குத் தபால் ஒன்றுதான் வழி. அந்த வழியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் வெளையாட்டுக்குத்தான் புவனா..."

"அவனும் காலேஜுக்கு அதத்தான் எழுதிக் குடுத்திருக்கான்."

மறுநாள் செல்லமக்கா, அவள், நான், மூன்று பேரும் இரண்டு பஸ் மாறிப் போனோம். செல்லமக்காவுக்கு முதல் நாள் இரவுதான் விஷயம் தெரியும். வழி நெடுக மகளின் கையை விடவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. கல்லூரி ஆபீசில் இருந்த ஐயா பைலைப் புரட்டினார்.

"புதன்கிழம வரலையே. முடிச்சாச்சும்மா."

"என் தப்பு சேர். லெட்டர நான்தான் வச்சிருந்தேன்," என்றேன்.

"நீங்க யாரு?"

தோட்டத்து லொறியில் தபால் கொண்டு வருகிறவன் என்றேன். ஒரு தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் முழுசாக எழுதிய முதல் கடிதம் அதுதான். புவனாவிடம் எழுத்துப்பிழை கேட்கத் தைரியம் வரவில்லை. பிழையோடேயே கையெழுத்துப் போட்டேன். "பதில் தபால்ல வரும்," என்றார்.

வந்தது. அதே பழுப்பு உறை. லொறி வரும் வரைக்கும் காத்திருக்காமல் ஆபீசிலிருந்து குறுக்குப் பாதையில் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவ்வளவு வேகமாக நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. உள்ளே இரண்டு வரி. எடுத்த முடிவை மாற்ற இயலாது.

அந்த மூன்றாம் வருஷத்துக்காரன் நடக்கிற தாழ்வாரத்திலேயே தானும் நடந்து வகுப்புக்குப் போக அவளால் முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அவன் படித்து முடித்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். லயத்தில் பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. "இவ ஏன் அந்த ரூமுக்குப் போனா?" என்று கேட்டார்கள். நீ ஏன்டா கடிதத்தை வைத்திருந்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. "அவன் எப்பவும் அப்பிடித்தான், வெளையாட்டுப் புள்ள," என்று இரண்டே நாளில் மன்னித்துவிட்டார்கள். அந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைப் பூட்டினவனுடைய வீட்டிலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் ஹட்டன் ஸ்டேஷனில் அவளைக் கண்டேன். பையோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்து, கையைத் தூக்கி, "புரொபசர்!" என்று கத்திவிட்டேன். கண் மூடித் திறக்கிற நேரம்தான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போய், வந்துகொண்டிருந்த ஒருவர் மேல் இடித்துக்கொண்டு நின்றாள். மடுவத்தில் நின்ற அதே மாதிரி. பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது. லேசாகத் தலையசைத்துவிட்டு, செல்வத்தின் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

இப்போது லயத்து வீட்டுக்கெல்லாம் நம்பர் வந்துவிட்டது, கடிதம் வாசலுக்கே வருகிறது. மடுவத்தில் கூத்து இல்லை. பழைய ஆட்கள் என்னைக் கண்டால், அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

"அண்ணே, நேரா இருக்கா?" என்று பசை வாளிப் பிள்ளை கேட்டாள்.

"கொஞ்சம் மேல தங்கச்சி. குனியாம வாசிக்கணும்."

அவர்கள் அடுத்த ஆட்டோவுக்குப் போனார்கள். ரயில் வந்தது. தரிப்பிடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், முதுகுக்குப் பின்னால் பசை காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் என்னை 'போஸ்ட்மாஸ்டர்' என்று கூப்பிட இப்போது யாருமில்லை.