நீலக் கிதாரும் என் விரல்கள் மேல் விழுந்த பழியும்

நாற்பத்தோரு வயதில் கிதார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால் சுற்றியிருப்பவர்களுக்கு நம்மீது அபாரமான அக்கறை வந்துவிடுகிறது. என் கணவர் முதல் வேலையாக என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நான் நர்ஸ். காய்ச்சல் என்றால் எனக்கே தெரிந்திருக்கும்.

"இன்னா திடீர்னு?" என்றார்.

"திடீர்னு இல்லீங்க. ரொம்ப நாளா ஆசை."

"ரொம்ப நாளா இருந்த ஆசை இன்னும் கொஞ்ச நாள் இருந்தா இன்னா கெட்டுப்போவுது?"

அப்போது வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. வாரம் முழுக்க மலையில் குவார்ட்டர்ஸ், சனிக்கிழமை மாலை கள்ளக்குறிச்சியில் வீடு. கணவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். தினமும் மலைக்கு வருவார், பத்து நிமிஷம் வண்டி நிற்கும், டீ குடித்துவிட்டு மலையிறங்கிவிடுவார். எங்கள் இல்லறத்தின் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிஷங்களில்தான் நடந்தது.

மலையில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. பனி இறங்கும், டவர் போய்விடும். கள்ளக்குறிச்சியில் எங்கள் சர்ச்சில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் அங்கேயே செல்போன் கடை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நன்றாக நடந்ததால் ஆண்டவரைக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் பார்க்க வந்தார். மற்ற ஞாயிறுகளில் கஞ்சிரா மட்டும்தான். அந்த இடத்தை நிரப்பலாம் என்று நினைத்தேன். ஆசைக்கு ஒரு புண்ணியக் காரணம் இருப்பது எப்போதும் நல்லது.

கள்ளக்குறிச்சியில் கிதார் விற்ற கடையை இசைக் கருவிக் கடை என்று சொன்னால் அது பொய். கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை, பள்ளிகளுக்கான பரிசுக் கோப்பைகள், இவற்றுக்கு மேலே கண்ணாடிக்குள் மூன்று கிதார்கள் தொங்கின. கடைக்காரர் என்னைக் கேட்ட முதல் கேள்வி:

"இன்னா கலர் வேணும் மேடம்?"

"கலர் எதுவா இருந்தாலும் பரவால்லீங்க. வெலை கம்மியா இருக்கணும். வாசிக்கச் சுளுவா இருக்கணும்."

"எல்லாமே சுளுவுதான். உள்ள பஞ்சு வச்சிப் பையி தர்றேன், மெத்துமெத்துனு இருக்கும். தோள்ல மாட்னா தெரியவே தெரியாது."

வாசிப்பதைப் பற்றிக் கேட்டேன், அவர் சுமப்பதைப் பற்றிச் சொன்னார். ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னேன். எடுத்து, துணியால் துடைத்து, எல்லாக் கம்பிகளையும் ஒருமுறை வருடிவிட்டு, "கேட்டீங்களா சவுண்டு?" என்றார். கேட்டது. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுந்தது போல இருந்தது. ஆனால் எனக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது. மூன்றில் விலை குறைந்தது நீலம். ஒரு சுமாரான பட்டுப்புடவையின் விலைக்குள் அடங்கியதால், அந்த வருஷம் பட்டுப்புடவை வேண்டாம் என்று என் மனதைத் தேற்றிக்கொண்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை அதை மலைக்கு ஏற்றினோம். கணவர் அதற்கு டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். எனக்கு அந்தப் பஸ்ஸில் ஒருநாளும் அந்த இடம் கிடைத்ததில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அது சாயும்போதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "உள்ள இன்னாம்மா, கொழந்தைக்கு எடை பாக்குற மிஷினா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அன்று மாலையே என் விரல்கள் தண்டனை அனுபவிக்க ஆரம்பித்தன. கழுத்துப் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே என் பேனா தாராளமாக நுழைந்து வெளியே வந்தது. அது தவறு என்று எனக்குத் தெரியாது. கிதார் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். மூன்று விரலால் மூன்று கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் முதல் கார்டை, அதாவது சுரக்கூட்டை, பிடிக்க முழங்கை வரை நடுங்கியது. ஒரு கம்பி ஒலித்தால் மற்றது ஊமை. பத்து நிமிஷத்தில் விரல் நுனிகளில் கோடு விழுந்தது, ஒரு வாரத்தில் தோல் உரிந்தது.

அதன்பின் ஆலோசனைகள் வந்தன. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் டவர் பிடித்து இறக்கிய வீடியோக்களில் எல்லோரும் சிரித்த முகத்துடன், ஆரம்பத்தில் வலிக்கும், தாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த மருந்தாளுநர், விரலைத் தினமும் உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். மாத்திரை எண்ணிக் கொடுக்கும் அவருக்குக் கிதாரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம். கணவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன் வெரலு குட்டை. அதான் விஷயம்" என்று தீர்ப்புச் சொன்னார். இருபது வருஷமாக அந்தக் கை சமைத்ததைச் சாப்பிட்டவர், அன்றுதான் அதன் நீளத்தைக் கவனித்தார்.

சனிக்கிழமை செல்போன் கடைத் தம்பியிடம் கிதாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாங்கி ஒரு கார்டைப் பிடித்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது, நான் பார்த்தேன். உடனே சரிசெய்துகொண்டு, "நல்ல பீஸுதான்க்கா" என்றார்.

"ரொம்ப குத்துதுப்பா."

"குத்தத்தான் செய்யும். இதப் பாருங்க." தன் இடதுகை விரல் நுனிகளைக் காட்டினார். காய்த்துப்போய் மஞ்சளாக இருந்தன. "இது வரணும். வந்தாதான் கலைஞன். அப்பால குத்துறதே தெரியாது. பழகுனா செரியாயிடும்."

பதினெட்டு வருஷமாக நான் ஊசி போடும்போது, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி வந்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று புரிந்தது.

காய்ப்பு வந்தது, கலை வரவில்லை. கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பழக்கத்தில் இடது கையால் பிடித்தேன். நாடி தெரியவில்லை. அவளோ சாமை விலை இறங்கிப்போனதைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். வலது கைக்கு மாற்றிப் பிடித்தேன், நாடி நன்றாகவே ஓடியது. மரத்துப்போனது என் விரல்தான். அன்றோடு கிதாரைப் பையில் போட்டு, பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பை மெத்துமெத்தென்றுதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பயிற்சிக்காகச் சேலம் போக வேண்டியிருந்தது. மதியம் முடிந்துவிட்டது. வழியில் ஒரு பெரிய இசைக் கருவிக் கடை, ஏசி போட்டது. சும்மா பார்க்கலாம் என்று நுழைந்தேன்.

"பையனுக்கா மேடம்?" என்றார் விற்பனையாளர்.

"ஆமா," என்றேன். எனக்குப் பையன் கிடையாது.

ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உட்கார்ந்து அதே முதல் கார்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்வது கூட அதிகம், விரலை வைத்தேன். ஆறு கம்பிகளில் ஒலிக்க வேண்டியவையெல்லாம் ஒலித்தன. வலிக்கவில்லை. இன்னொரு கார்டுக்கு மாறினேன். அதுவும் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் பதறி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான்கு மாதமாக என் விரல் குட்டை, வயது முற்றிவிட்டது, பொறுமை இல்லை என்று ஊரே சொன்னதை நானும் நம்பியிருந்தேன். இங்கே அதே விரல், அதே வயது.

விலையைக் கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்துடன் சொன்னார். கணவர் தவணை கட்டிக்கொண்டிருந்த மொபெட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. "பையனக் கூட்டினு வந்து காட்டிட்டு வாங்கிக்கிறேங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆத்தூர் வரும் வரை பஸ்ஸில் கோபமாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கிதார் வாசிப்பது சுலபம்தான், அந்தச் சுலபத்துக்கு விலைதான் அதிகம் என்று புரிந்துகொண்டதுதான் மிச்சம்.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரரிடம் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். "கலர் புடிக்கலியா மேடம்? செவப்பு இருக்குது" என்றார்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் எங்கள் சுகாதார நிலையத்தில் பல் முகாம் நடந்தது. கீழேயிருந்து டாக்டர்களுடன் பல்செட் செய்கிற ஒருவரும் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெல்லிய ஆள், பேச்சும் கம்மி. வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, கையடக்க மோட்டார் அரமும் சின்னச் சின்னக் கம்பி அரங்களும் பரப்பி உட்கார்ந்திருந்தார். முந்தைய முகாமில் அளவெடுத்த மலைக்காரப் பெரியவர் ஒருவருக்குப் புதுப் பல்லை மாட்டினார். நான் பக்கத்தில் பேர் பதிந்துகொண்டிருந்தேன்.

"கடிச்சா ஈறு நோவுதுங்க," என்றார் பெரியவர். "பழக்கமில்ல. பழகுனா செரியாயிடுமா?"

"வாயி மேல தப்பில்ல பெரியவரே, பல்லுதான் ஒசரம் ஜாஸ்தி," என்றார் அவர். "தோ, இறக்கிடலாம்."

நீலத் தாள் ஒன்றை வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பல்லில் நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் துளி அரைத்தார். மறுபடி கடிக்கச் சொன்னார், மறுபடி அரைத்தார். நான்காவது தடவை பெரியவர் முகம் தெளிந்தது. நான் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தேன்.

முகாம் முடிந்து ஜீப் வரத் தாமதமானது. குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய்ப் பீரோ மேலிருந்து கிதாரை இறக்கி, தூசி தட்டி, அவர் மேஜையில் கொண்டுவந்து வைத்தேன்.

"சார், இதுக்கும் ஒசரம் ஜாஸ்தின்னு நெனைக்கிறேன். பாக்குறீங்களா?"

"நான் கிதாரு தொட்டதே இல்லியே சிஸ்டர்."

"தொட்டவங்க எல்லாம் பாத்துட்டாங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிதாரைக் கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். ஒரு கம்பியை அழுத்தினார். "அய்ய, இத்த வச்சிக்கினா வாசிச்சீங்க?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

பிறகு கிதாரின் வயிற்றுப் பக்கம், கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை விரலால் தட்டிப் பார்த்தார். "இது நம்ம சாமான் மாதிரிதான் இருக்குது. இது மேலதான் கம்பி ஒக்காந்துக்கினு இருக்குது. இத்த இறக்குனா கம்பி இறங்கும்." கம்பிகளைத் தளர்த்தி, அந்தத் துண்டைக் குறடால் உருவினார். பென்சிலால் அடியில் கோடு போட்டு, மோட்டார் அரத்தில் கொஞ்சம் தேய்த்தார். திரும்ப மாட்டி, கம்பி முறுக்கி, "கடிச்சிப் பாருங்க" என்றார். பழக்கதோஷம். அழுத்திப் பார்த்தேன். பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி தேய்த்தார். தலைப்பக்கம் கம்பிகள் நுழையும் பள்ளங்களையும் மெல்லிய அரத்தால் துளி ஆழமாக்கினார். மூன்றாம் முறை கம்பி என் விரலுக்குக் கீழே தானாகவே பணிந்தது.

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சேலத்துக் கிதாரை நினைத்துப் பேராசை வந்தது. "இன்னும் ஒரே ஒரு துளி," என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தேய்த்தார். மாட்டிப் பார்த்தால் தடித்த கம்பி, பாட்டிலுக்குள் மாட்டிய வண்டு போல் கிர்ரென்றது.

"ஜாஸ்தி கேட்டீங்க," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சுற்றிலும் பார்த்தார். குப்பைப் பெட்டியில் யாரோ விட்டுப்போன பழைய எக்ஸ்ரே படம் கிடந்தது. அதில் ஒரு நறுக்கு வெட்டி அந்தத் துண்டுக்கு அடியில் வைத்தார். கிர்ர் நின்றது. யாருடைய விலா எலும்பு என்று தெரியவில்லை, என் கிதாரின் கம்பிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கூலி கேட்டால் வேண்டாமென்றார். ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். "பல்லு கட்டிக்கினு போறவங்க யாரும் எதுரிலயே மென்னு காட்னதில்ல, நீங்க வாசிச்சே காட்டிட்டீங்க," என்றார். நான் வாசித்தது இரண்டே கார்டு. அதைத்தான் அவர் வாசிப்பு என்றார்.

அந்தச் சனிக்கிழமை செல்போன் கடையில் கிதாரைக் கொடுத்தேன். தம்பி கார்டு பிடித்தார், முகம் சுருங்கவில்லை. "பாத்தீங்களாக்கா, பழகுனா செரியாயிடும்னு சொன்னேன்ல" என்றார். கணவருக்கோ என் விரல் வளர்ந்துவிட்டதாக ஒரு சந்தேகம். பல்செட் கதையைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அடுத்த ஈஸ்டருக்குள் நாலு பாட்டு தேறியது. ஆனால் சர்ச்சில் அதற்குள் ஒரு கீபோர்டு வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிதார் சத்தம் தானாக வருகிறதாம். என்னைக் கஞ்சிராவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மைக் இல்லை. நான் வாசித்தது எனக்கும் கஞ்சிரா அடித்தவருக்கும் மட்டும் கேட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனாலும் முழுப் பாட்டும் நிறுத்தாமல் வாசித்தேன். அது யாருக்கும் தெரியாமல் போனதில் கூட ஒரு நிம்மதி இருந்தது.

மலையில் மட்டும் எனக்கு ஒரு நிரந்தர ரசிகர் கிடைத்தார், விருப்பமில்லாமல். ஒருநாள் சாயங்காலம் நான் ஒரு மணி நேரம் வாசித்து முடித்ததும் மருந்தாளுநர் கதவைத் தட்டினார். ரொம்ப மரியாதையான மனிதர்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. முன்னாடியெல்லாம் பத்து நிமிஷத்துல நிறுத்திக்கினு இருந்தீங்க."

"இப்ப கை நோவுறதில்லீங்க."

"அதான் கேக்க வந்தேன்," என்றார். "திரும்ப நோவுற மாதிரி பண்ண முடியுமா?"