புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்

அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று மச்சான் போன் செய்தபோது நான் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்குக் கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு. உள்ளூரில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். டெங்குவாக இருக்கலாம், பிளேட்லெட் எண்ணிக்கை வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறு வார்டுக்குப் போயிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்ததும், "ஏலே, வேலைய விட்டுட்டு ஏன் வந்த? தோப்புல மோட்டார் போட ஆள் இல்ல, ஒன் மச்சானப் போகச் சொல்லு" என்றாள். படுத்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குவாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் போகவில்லை.

மேசையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டிருந்த நர்ஸிடம் ரிசல்ட்டைக் கேட்டேன். திரையைப் பார்த்து, "இன்னும் வரல சார். வந்தா இங்க காட்டும். ரொம்பக் கொறஞ்சிருந்தா செவப்பா வரும், டாக்டர் போனுக்கும், சேக்கும்போது குடுத்த நம்பருக்கும் மெசேஜ் போயிரும்" என்றார். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அந்த மென்பொருளை வாங்கியிருந்தார்களாம். அதுவரை லேப் பெண் ரிசல்ட் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவாராம். இப்போது அந்த அலைச்சல் இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். நானும் நல்லது என்று தலையாட்டினேன். அக்கா பெயருக்கு நேரே ஒரு சிறிய கோடு இருந்தது. பரிசோதனை முடியவில்லை என்று அர்த்தம்.

மத்தியானம் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. பேச்சு குறைந்தது. வாய் கொப்பளித்துத் துப்பியபோது தண்ணீர் சிவந்திருந்தது. நான் போய்ப் போய்க் கேட்டேன். கோடு கோடாகவே இருந்தது. கடைசியில் கத்திவிட்டேன். மறுபடி ரத்தம் எடுக்க லேப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"காலையிலயே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேனே சார். பாயிண்ட் ஒன்னு எட்டு. மெசேஜ் போயிருக்குமேன்னுல்லா இருந்தேன்."

இங்கே பிளேட்லெட்டை யாரும் ஆயிரத்தில் சொல்வதில்லை. ஒன்றரை, ரெண்டேகால், முக்கால் என்று லட்சக் கணக்குதான். பதினெட்டாயிரம் என்பது இவர்கள் வாயில் பாயிண்ட் ஒன்று எட்டு லட்சம். அவர் வழக்கம்போல 0.18 என்று தட்டியிருக்கிறார்.

நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இதுதான் என் பிழைப்பு. விசைப்பலகையில் தட்டுவது எல்லாமே கம்ப்யூட்டருக்கு முதலில் வெறும் எழுத்து. அதை முழு எண்ணாக மாற்ற ஒரு கட்டளை உண்டு. இடமிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக்கொண்டு வரும். புள்ளியைப் பார்த்தால் நின்றுவிடும். மிச்சத்தைத் தூக்கி எறியும், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. 1.5 ஒன்றாகிவிடும், 2.4 இரண்டாகிவிடும். நன்றாக இருப்பவர்களுக்கு ஓரளவு சரியாகத் தெரிந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 0.18 பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் என்றால் இன்னும் பரிசோதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு கோடு போடும்படி எவனோ எழுதியிருக்கிறான். சாகக் கிடக்கிறவர்களுக்கு மட்டும் கோடு!

டாக்டர் ஓடி வந்தார். மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். கல்லுப்பட்டி தாண்டியதும் அக்கா போய்விட்டாள். அவள் கை என் கையில்தான் இருந்தது. மச்சான் டிரைவரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரியம் முடியும் முன்பே, இறப்புச் சான்றுக்கு வேண்டிய தாள் வாங்க மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு நிறையக் காய்ச்சல்காரர்கள். திரையில் அதே மென்பொருள். லேப் பெண் பழையபடி மாடியேறி இறங்கிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரை, "எந்திரிங்க, நானே சரி பண்ணுதேன்" என்றேன். டாக்டர் வந்தார், என்னைப் பார்த்தார், அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நிரல் அங்கேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியைத் தேடி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. புள்ளியோடு சேர்த்துப் படிக்கிற கட்டளையை அந்த இடத்தில் போட்டேன். வெற்று இடத்துக்கு மட்டும் கோடு வரட்டும், பூஜ்யத்துக்கு வேண்டாம் என்று மாற்றினேன். நிறுத்தி மறுபடி ஓட விட்டதும் பழைய ரிசல்ட்டையெல்லாம் அது புதிதாகக் கணக்குப் போட்டது. சில கோடுகள் எண்ணாக மாறின, சிவந்தன. டாக்டரின் போன் விடாமல் ஒலித்தது. நர்ஸ் ஒருவர் வார்டுக்குள் ஓடினார்.

சற்று நேரத்தில் என் போனும் அடித்தது. மச்சான், கூமாப்பட்டியிலிருந்து.

"மாப்ள, அவ பேரப் போட்டு ஆஸ்பத்திரில இருந்து மெசேஜ் வந்திருக்கு. ஆபத்தாம், ஒடனே டாக்டரப் பாக்கச் சொல்லுதாவ." மெசேஜை மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டினார். "தப்பா வந்திருக்குமோ மாப்ள?"

"இல்ல மச்சான்" என்றேன். "சரியாத்தான் வந்திருக்கு."